பிள்ளைபெற்ற பூனைக்கு விஷம் வைத்தது யார்?

தேயிலைக் கொழுந்து பறிக்கும் கூடையை மார்போடு அணைத்தபடி மணியம்மா ஓடினாள். உள்ளே கிடந்தது கொழுந்து அல்ல, அவள் பூனை செவலை. நான்கு குட்டி போட்டு இன்றோடு ஆறாம் நாள். தலை தொங்கிவிட்டது, பால் வற்றிவிட்டது.

"டிரெசரய்யா! விஷம் வச்சிட்டாங்க!"

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் ராமையா நிமிர்ந்தார். "மனுசாளுக்கு வைத்தியம் பாக்குற எடம்லா இது, பூனைக்கில்ல."

"மாட்டு டாக்டர் இருக்குற பிரிஞ்சாங் டவுனுக்கு லோரி மத்தியானம்தான். அதுவரைக்கும் தாங்காதுங்கய்யா!"

"யாரு வச்சது?"

"வேற யாரு? பக்கத்து வீட்டு ருக்குமணிதான்!"

போன மாதம் ருக்குமணியின் கருவாட்டைச் செவலை தூக்கிவிட்டது. 'இருக்கு உனக்கு ஒருநாள்' என்று அவள் கறுவியதை லயத்து வரிசை வீடுகள் அத்தனையும் கேட்டன. இன்று காலை வேலைக்குக் கிளம்பிய மணியம்மா, மறந்த தொப்பிக்காகத் திரும்பினாள். பனிமூட்டத்தில் ருக்குமணி பூனைப் பெட்டியருகே குனிந்து எதையோ ஊற்றிக்கொண்டிருந்தாள். காலடி கேட்டதும் கையிலிருந்ததை முந்தானைக்குள் மறைத்தாள்.

இதோ, அந்த ருக்குமணியே மூச்சிரைக்க வந்து நின்றாள். துண்டுக்குள் நான்கு குட்டிகள். "இதுங்கள விட்டுட்டு ஓடுறியேக்கா, பசியில கத்துதுங்க!"

"செத்துச்சான்னு பாக்க வந்தியா? காலையில என்னடி மறைச்ச?"

ருக்குமணி தலைகுனிந்தாள். மணியம்மாவுக்கு அது போதும்.

ராமையா பூனையின் ஈறைத் தொட்டார், விரல் ஒட்டியது. பிடரித் தோலை இழுத்துவிட்டார், இழுத்தபடியே நின்றது.

"வாந்தி, நுரை?"

"இல்லீங்க."

"அப்ப விஷம் இல்ல. என்ன குடுத்த?"

"பத்தியச் சோறுங்க. சுட்ட கருவாடு, தட்டுன மிளகு, மூணு வேளையும். எம் மவ பிரசவத்துக்குக்கூட இப்படிப் பாக்கல."

"ருக்குமணி, நீ என்ன ஊத்துன?"

"தண்ணிங்கய்யா. அக்காவுக்குத் தெரிஞ்சா கொன்னுபுடுவாங்க. செவலை ஒரு வாய் நக்குறதுக்குள்ள வந்துட்டாங்க."

ராமையா உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டார். செவலையின் நாக்கு ஒருமுறை அசைந்தது. மறுபடியும் அசைந்தது.

"பால் குடுக்குற ஒடம்பு. தண்ணி இல்லாம பால் எங்கேருந்து வரும்? இதோட தண்ணிச் சட்டி எங்க, மணியம்மா?"

மணியம்மாவின் விரல்கள் கூடையின் விளிம்பை இறுகப் பற்றின.

"அடுப்படியில... கவுந்து கெடக்குங்க. பிள்ள பெத்தவளுக்குப் பச்சத்தண்ணி ஆகாதுல்ல... ஆறு நாளா நான்தான் குடுக்கல."