ஏன் என்று கேட்காத வகுப்பு

என் வீட்டு விஷயம் வாசலைத் தாண்டிவிட்டது என்பதை எனக்குச் சொன்னவர் கண்ணாடிக் கடைக்காரர். என் மூக்குக் கண்ணாடியின் திருகை முடுக்கிக்கொண்டே பேச்சை எடுத்தார். "என்ன சார், உங்க பொண்ணும் மருமகளும் சேர்ந்து எதிர் மாடிக்குப் போறாங்க. அங்க மனசு சரியில்லாதவங்களுக்கு ஏதோ நடத்துறாங்களாமே?" கேட்ட குரலில் அக்கறை ஒரு பங்கு, ருசி மூன்று பங்கு. மருமகள் படிக்கப் போகிறாள், மகள் துணைக்குப் போகிறாள் என்று சொல்லிவிட்டு, பாதி முடுக்கிய கண்ணாடியைப் பிடுங்கி மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

மகள் புருஷன் வீட்டிலிருந்து ஒரே ஒரு பையோடு வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அவளிடம் யாரும் எதையும் கேட்கக் கூடாது என்று வீட்டில் நான் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். கேட்டால் பதில் வரும். பதில் வந்தால் அது நாலு பேர் வாயில் விழும். விசாரித்தவர்களுக்கெல்லாம், உடம்பு தேற வந்திருக்கிறாள் என்பதுதான் பதில். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி நேரில் வந்து அவளை அழைத்துப் போவதாக ஏற்பாடு. "எங்க வீட்டுல அவ பத்திரமா இருப்பா" என்று போனில் உறுதி கொடுத்திருந்தார். மகளிடம் சொன்னபோது அவள் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. எங்கள் வீட்டிலிருந்து வாழப்போன எந்தப் பெண்ணும் திரும்பி வந்து உட்கார்ந்ததில்லை. அந்தப் பெயர் என் காலத்தில் கெட விடுவதாக இல்லை.

மருமகள் பள்ளி ஆசிரியை. பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்ல உதவும் என்று சனிக்கிழமைதோறும் அந்த மாடி வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். தீர்வை மையமாகக் கொண்ட குறுகியகால ஆலோசனை என்று அதற்குப் பெயராம். கஷ்டம் எப்படி வந்தது என்று தோண்ட மாட்டார்களாம். கஷ்டம் இல்லாத நாள் எப்படி இருக்கும், அதில் ஒரு துளியாவது இப்போதே எங்காவது தென்படுகிறதா என்றுதான் கேட்பார்களாம். நாலைந்து சந்திப்பில் வேலை முடிந்துவிடுமாம். ஒரு நாள் என் மனைவியின் முழங்கால் வலியை வைத்துப் பழகிப் பார்த்தாள். எந்த நேரத்தில் வலி கொஞ்சம் குறைவாக இருக்கிறது என்று கேட்டதற்கு, "உங்க மாமா வெளிய போயிருக்கும்போது" என்றாள் மாமியார்க்காரி. இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் எழுந்து போய்விட்டேன். முழங்காலோடு நிறுத்தியிருந்தால் அதையும் பொறுத்துக்கொண்டிருப்பேன்.

கடையிலிருந்து நேராக அந்த எதிர் மாடிக்கு ஏறினேன். பல் மருத்துவமனையை ஒட்டி நீளமான ஓர் அறை. பத்துப் பன்னிரண்டு பேர் அரைவட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் மருமகள். இன்னொன்றில், எனக்கு முதுகைக் காட்டியபடி என் மகள். கடைசித் தேர்வு அது. ஒவ்வொரு மாணவரும் உண்மையான கஷ்டம் உள்ள ஒருவரை அழைத்து வந்து பேசிக் காட்ட வேண்டும். அதற்கு என் மருமகளுக்கு என் மகள்தான் கிடைத்தாள். கதவருகே நின்ற பயிற்சியாளர் அம்மாள் என்னை யாரோ பார்வையாளர் என்று எண்ணி, உதட்டில் விரலை வைத்து ஒரு நாற்காலியைக் காட்டினார். அந்நியர் முன்னால் கத்துவது எங்கள் வழக்கமில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மற்றவர்கள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தேன்; மருமகள் கண்ணில் நான் படவில்லை.

வீட்டில் அவளை நீ என்று அழைக்கும் மருமகள் இங்கே நீங்க என்றாள்.

"இன்னைக்கு ராத்திரி நீங்க தூங்கும்போது ஒரு அற்புதம் நடக்குது, உங்க கஷ்டம் தீர்ந்துடுதுன்னு வெச்சுக்கோங்க. தூங்கிட்டு இருந்ததால உங்களுக்கு அது தெரியாது. காலையில எதை வெச்சு முதல்ல தெரிஞ்சுப்பீங்க?"



"எழுந்து போய் நானே கதவைத் திறப்பேன்" என்றாள் மகள். "வெளிய போய் நிப்பேன். அவ்வளவுதான்."

இதற்கா அற்புதம் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மருமகளோ, அப்படி நிற்பதை யார் முதலில் கவனிப்பார்கள் என்று கேட்டாள். அம்மா கவனித்து, செருப்பைப் போட்டுக்கொள் என்பாள் என்று மகள் சொன்னதும் அரைவட்டத்தில் சிலர் புன்னகைத்தார்கள். பிறகு பூஜ்யத்திலிருந்து பத்துவரை ஓர் அளவுகோல். அந்த நாள் பத்து என்றால் இன்று எங்கே இருக்கிறீர்கள்? மூன்று என்றாள். அந்த மூன்று எப்படி வந்தது? இந்தப் படி ஏறி வந்தேனே என்றாள். மருமகள் அதைப் பாராட்டினாள். படி ஏறியதற்குப் பாராட்டு. அப்புறம், அது நாலு ஆக வேண்டுமென்றால் என்ன நடக்க வேண்டும் என்று கேட்டாள்.

"நாளைக்கு நான் அங்க போகாம இருக்கணும்."

ஊர் பேர் தெரியாதவர்கள் முன்னால் சொல்லிவிட்டாள். அதற்காவது மருமகள் பதறினாளா? இல்லை. போகவில்லை என்றால் அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருப்பீர்கள் என்று நிதானமாக அடுத்த கேள்வியைப் போட்டாள். நான் எழுந்துவிட்டேன்.

"என்ன படிப்பு இது? ஒருத்தி புருஷன் வீட்டுக்குப் போக மாட்டேன்னு சொல்றா. ஏன்னு கேக்க இங்க ஒருத்தருக்கும் வாய் இல்லையா?"

பார்வையாளர் பேசக் கூடாது என்று பயிற்சியாளர் அம்மாள் ஆரம்பித்தார். நான் அவளுடைய தகப்பன் என்றேன். மருமகளின் முகம் வெளுத்தது. மகள் நாற்காலியோடு திரும்பி என்னை நேராகப் பார்த்தாள். அழவில்லை. வழி கேட்டவருக்கு வழி சொல்வதுபோலச் சொன்னாள்.

"வேலைக்குப் போகும்போது என்னை ரூமுக்குள்ள வெச்சு வெளிய பூட்டிட்டுப் போவார்ப்பா. தினமும். போனையும் எடுத்துட்டுப் போயிடுவார். இங்க வந்த அன்னைக்குப் பூட்ட மறந்துட்டார். அதான் வந்தேன்."

பக்கத்துப் பல் மருத்துவமனையில் இயந்திரம் கிறீச்சிட்டது. பத்திரமா இருப்பா என்று சம்பந்தி போனில் சொன்ன குரல் என் காதுக்குள் ஊசியாக இறங்கியது. அதே வீட்டில் இருப்பவர் அவர். அவருக்குத் தெரியாமல் அந்தக் கதவு பூட்டப்பட்டிருக்காது.

நடையில் வந்து நின்று சம்பந்தியை அழைத்தேன். நாளைக்கு வர வேண்டாம் என்றேன். உடம்பு இன்னும் தேறவில்லையா என்று பரிவாகக் கேட்டார்.

"அவ உடம்புக்கு ஒண்ணுமில்ல. உங்க பையன் என் பொண்ண ரூம்ல வெச்சுப் பூட்டிட்டு வேலைக்குப் போயிருக்கான். நீங்களும் பாத்துட்டு இருந்திருக்கீங்க."

அவர் மறுக்கவில்லை. சின்னஞ்சிறுசுகள் சமாச்சாரம் என்றார். இரண்டு குடும்பத்து மானமும் இதில் இருக்கிறது, நேரில் உட்கார்ந்து மெதுவாகப் பேசிக்கொள்ளலாம் என்றார். யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று கவலைப்பட்டார்.

"நான் இப்ப சொன்னதையே சொல்லுங்க. என்கிட்ட கேக்கறவங்களுக்கும் இதையேதான் சொல்லப் போறேன். இனிமே அவ அங்க வர மாட்டா."

இன்னும் மெதுவாக, மெதுவாக என்றே சொல்லிக்கொண்டிருந்தார். பல் மருத்துவமனையில் காத்திருந்தவர்கள், கன்னத்தைப் பிடித்தபடியே, என் பக்கம் திரும்பிவிட்டார்கள். வகுப்பறைக் கதவைத் திறந்துகொண்டு மகளும் வந்து நின்றாள். நான் குரலைத் தணிக்காமல், பூட்டு என்ற சொல்லிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன்.