அரை ஆம்பியர் ஏரி

தினமும் காலை ஒன்பது மணிக்கு நான் கோரையேரியை எஃப்.பி.ஜி.ஏ. போர்டில் ஏற்றுகிறேன். நாற்பது நொடி ஆகும். அந்தப் போர்டிலுள்ள சிப்பில் எதை எழுதுகிறோமோ அதுவாகவே அது ஆகிவிடும். மின்சாரம் போனால் மறந்துவிடும். நிரலும் மின்சாரமும் லேப்டாப்பிலிருந்து ஒரே யூ.எஸ்.பி. கேபிளில் போவதால் அரை ஆம்பியருக்கு மேல் கிடைக்காது. எனவே எங்கள் ஆய்வகத்தில் ஏரி முழங்கால் அளவுதான். மாணவர்கள் பேண்டைச் சுருட்டிக்கொண்டு வருவார்கள்.

இந்தக் கல்லூரி நிற்பது கோரையேரியின் மேல். கட்டுவதற்கு முன், 'இவ்விடத்தில் நீர்நிலை எதுவும் இல்லை' என்ற தாளில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவன் நான். அன்று என் செருப்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வேலை தேவைப்பட்டது. அது காரணமா சாக்கா என்று ஐம்பத்தாறு வயதிலும் எனக்குத் தெரியவில்லை.

புதன்கிழமை பிரின்சிபல் தில்லைநாயகம் வந்து, ஷூவைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"வெள்ளிக்கிழமை ஆய்வுக் குழு வருது. ஏரி ஃபைலை அழிச்சிட்டு ஒரு ஸ்டாப்வாட்ச் ஏத்துங்க. இந்தத் தாள்லயும் ஒரு கையெழுத்து."

அதே வாசகம்தான். தேதி மட்டும் புதியது.

"போட மாட்டேன் சார்."

"அன்னிக்குப் போட்டீங்களே?"

"போட்டேன். அதனாலதான் இன்னிக்குப் போட மாட்டேன்."

"வேலை போயிடும்."

"ஏரி போன மாதிரியா சார்?" என்று கேட்டாள் ஆய்வக உதவியாளர் செண்பகவல்லி, நாற்காலிக்கடியில் சிக்கிய கெண்டையை விடுவித்துக்கொண்டே. அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் ஏரியைப் போர்டின் ஃபிளாஷ் நினைவகத்தில் எழுதினேன். அதில் எழுதியது மறக்காது. மின்சாரம் வந்தால் தானாகவே எழுந்துகொள்ளும். பிறகு மின்சாரம் எந்த வழியில் வர வேண்டும் என்று தீர்மானிக்கும் ஜம்பரைப் போர்டில் மாற்றிப் போட்டு, தனி அடாப்டரிலிருந்து மின்சாரம் கொடுத்தேன். தண்ணீர் இடுப்புக்கு வந்தது. நாரைகள் புரொஜெக்டர் மேல் இடம் பிடித்தன.

வெள்ளிக்கிழமை ஆய்வுக் குழு வருவதற்கு முன்பே பிரின்சிபலே மெயின் சுவிட்சை அணைத்தார். அடாப்டர் நின்றது. மின்விசிறிகள் நின்றன. லேப்டாப்பின் பேட்டரி செத்து நான்கு வருடமாகிறது, அதுவும் அணைந்தது. ஏரி மட்டும் இறங்கவில்லை.

சற்று நேரத்தில் லேப்டாப்பின் சார்ஜ் விளக்கு எரிந்தது. யூ.எஸ்.பி. கேபிளைத் தொட்டுப் பார்த்தேன். மின்சாரம் போர்டிலிருந்து வந்துகொண்டிருந்தது. மின்விசிறிகள் மெல்லச் சுற்றின. திரையில் ஒரு ஃபைல் ஏறியது. அதன் பெயர் எங்கள் கல்லூரியின் பெயர். நாற்பது நொடியில் நூறு சதவீதம் காட்டியது.

பிரின்சிபல் இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்து கேபிளை நோக்கிக் கை நீட்டினார்.

"பிடுங்காதீங்க சார்," என்றாள் செண்பகவல்லி. "இப்ப காலேஜ் அதுலதான் ஓடுது."

அவர் கையை இழுத்துக்கொண்டு பக்கத்து மேசைமேல் ஏறி உட்கார்ந்தார்.

பிரிண்டர் ஓர் ஈரத் தாளைத் தள்ளியது. 'இவ்விடத்தில் கல்லூரி எதுவும் இல்லை.' கீழே சாட்சிக்கு ஒரு கோடு. இரண்டு முறை படித்துப் பார்த்தேன். பிழை இல்லை.

கையெழுத்துப் போட்டேன்.