சுவரில் இரண்டு கோடு

மார்ச் 11, செவ்வாய். சிறு தவறு: இன்று வகுப்பில் போனை ஒன்பது முறை எடுத்தேன். சுவரில் இரண்டு என்று போட்டேன்.

வகுப்பு முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போதே எழுதி நோட்டை மூடினாள். வேலைக்குப் போகிறவர்கள் படிக்கும் அந்த மாலை வகுப்பில் அவளுக்கு 'டைரி' என்றே பெயர். தேதி போடாமல் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாள் என்பது கேலி.

ஆசிரியை சுவரில் சார்ட் ஒட்டியிருந்தார். பாடத்தின் நடுவே போனை எடுத்தால் தன் பெயருக்கு நேரே ஒரு கோடு. பக்கத்தில், எதற்கு என்று ஒரு வார்த்தை.

"திட்டமாட்டேன். எதுக்கு எடுக்கிறோம்னு நமக்கே தெரியணும், அவ்வளவுதான்" என்று சொல்லியிருந்தார்.

அன்று டைரிக்கு இரண்டு கோடு, இரண்டுக்கும் 'அகராதி'. கூரியர்காரருக்கு மூன்று. தையல்கடை அக்காவுக்குப் பதினான்கு. அதில் பதினொன்று 'சும்மா'.

"என்னக்கா, மிஷின்ல ஓட்டின மாதிரி வரிசையா இழுத்திருக்கீங்க!" என்றார் கூரியர்காரர். வகுப்பே சிரித்தது.

அக்கா சிரிக்கவில்லை. "எல்லாரும் ஒழுங்காத்தான் இருக்கீங்க. எனக்குத்தான் புத்தி நிக்கல. பாதியில கடையைப் பூட்டிட்டு வந்து என்ன பிரயோஜனம்? நாளையிலேருந்து வரல, மிஸ்."

பரீட்சைக்குப் பத்து நாள்தான் இருந்தது. ஆசிரியை வாயெடுப்பதற்குள் அக்கா படியிறங்கிவிட்டார்.

டைரி மூடிய நோட்டைப் பார்த்தாள். சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் அக்கா போய்விடுவார். நோட்டை அள்ளிக்கொண்டு ஓடினாள்.

நிறுத்தத்தில் பஸ் வந்து நின்றிருந்தது. அக்கா படியில் கால் வைத்துவிட்டார்.

"அக்கா!" நோட்டைத் திறந்து நீட்டினாள்.

அக்கா படித்தார். "ஒன்பதா?"

"அகராதியே பார்க்கலக்கா. எல்லாம் சும்மாதான்."

"அடிப்பாவி! நான் ஒருத்திதான் கிறுக்குன்னு நினைச்சேனே!"

"ஏறுறீங்களா, இறங்குறீங்களா?" நடத்துநர் கத்தினார்.

அக்கா ஏறிவிட்டார். பஸ் நகரும்போது ஜன்னலில் தலை நீட்டினார். "என்கிட்ட காட்டி என்னடி? சுவர்ல ரெண்டுதானே நிக்குது? அதைத் திருத்து. போட்டோ அனுப்பு. நாளைக்கு அது வந்தா அடுத்த பஸ்ல வரேன்."

போட்டோ வந்தால்தானே அக்கா வருவார். அவள் நின்ற இடத்திலேயே பேனாவைத் திறந்தாள்.

நாளைய வேலை: ஆறு மணி, பாடம் தொடங்கியதும் எல்லோர் முன்னாலும் 'அகராதி' இரண்டையும் அடித்து, இன்னும் ஏழு கோடு போட வேண்டும். ஒன்பதுக்கும் 'சும்மா'. பிறகு ஒரே ஒரு போட்டோ. அதற்கும் ஒரு கோடு, பக்கத்தில் 'அக்காவுக்கு'.