கழிவறைப் பக்கம் அதிர்ஷ்டம்

அந்த வருடம் ஷிகெருவின் கடையில் அதிர்ஷ்டம் கழிவறைப் பக்கமாக வந்து உட்கார்ந்துகொண்டது.

வசந்தம் பிறப்பதற்கு முந்தின நாள், அந்தந்த வருடத்துக்கு உரிய திசையைப் பார்த்து நின்று, சோறும் மீனும் கடல்பாசித் தாளில் சுற்றிய ஒரு முழுச் சுருள் சுஷியை ஒரு வார்த்தை பேசாமல் தின்று முடிக்க வேண்டும். மனதில் வேண்டிக்கொண்டது நடக்கும். இடையில் வாயைத் திறந்தால் போச்சு. ஒசாகாவில் பாதிப் பேர் இதை நம்புவதில்லை. நம்பாதவர்களும் தின்னாமல் விடுவதில்லை. அந்த வருடத் திசை, தெற்கிலிருந்து கொஞ்சம் கிழக்கே. சுவர் பூசும் நிஷிவாகி கைப்பேசியில் திசைகாட்டியைத் திறந்து கடை நடுவில் சுற்றினான். முள் நேராகக் கழிவறைக் கதவில் போய் நின்றது.

"தலைவரே, சாமி உள்ள போயிருக்காரு போல."

"சாமி இல்லடா, டாக்சி ஓட்டுற ஓகிதா. பத்து நிமிஷமாச்சு. உயிரோட இருக்கானான்னு தட்டிப் பாரு."

டெங்கச்சாயா ரயில் நிலையத்துக்குப் பின்னால், ஏழே முக்காலி போட்ட கடை. தட்டு கிடையாது. ஷிகெரு சுருட்டி நீட்டுவார், கையில் வாங்கி அப்படியே கடிக்க வேண்டும். கடல்பாசித் தாள் மொறுமொறுவென்று இருப்பது அரை நிமிடம்தான். அதற்குள் கடிக்காவிட்டால் திட்டு விழும். கடித்துவிட்டால் கதை விழும். அறுபத்து மூன்று வயது மனிதர், பேஸ்பால், மலச்சிக்கல், மச்சினன் என்று எதையும் விடமாட்டார். அமைதியை விரும்புகிற நான் வாரத்தில் மூன்று மதியம் அங்கே போய், புத்தகத்தை விரித்து, ஒரு பக்கம்கூடப் படிக்காமல் திரும்பி வருவேன். கடல்பாசி அப்படி.

அவருடைய மனைவி ஹிசாயோ பக்கத்தில் நின்று மீன் வெட்டுவார். முப்பத்து நான்கு வருடமாக அதே இடம். அவர் ஒரு முழு வாக்கியம் பேசி நான் கேட்டதில்லை. அவர் தொடங்குவார், ஷிகெரு முடித்துவிடுவார்.

அன்று ஷிகெரு வழக்கத்தைவிட இரண்டு மடங்கு நீளத்தில் சுருட்டி எல்லோர் கையிலும் கொடுத்தார். தனக்கும் ஒன்று எடுத்துக்கொண்டு மேடைக்கு இந்தப் பக்கம் வந்து எங்களோடு நின்றார்.

"போன தடவை பாதியில 'உப்பு கம்மி'ன்னு வாயைத் திறந்துட்டேன். ஃப்ரீசர் போச்சு, முட்டி போச்சு, நம்ம டீம் கேவலமா தோத்துச்சு. இந்த வருஷம் கத்தியால குத்தினாலும் பேச மாட்டேன்."

"அப்ப எங்களுக்கு இப்பவே அதிர்ஷ்டம் வந்துடுச்சு தலைவரே," என்றான் நிஷிவாகி.

ஷிகெரு, நிஷிவாகி, நான், மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்த அலுவலகப் பெண்கள் இருவர், ஐந்து பேரும் கழிவறைக் கதவைப் பார்த்துத் திரும்பினோம். கடித்தோம். குளிர்பெட்டி உறுமும் சத்தத்தை அந்தக் கடையில் நான் முதன்முறையாகக் கேட்டேன். எவ்வளவு நல்ல சத்தம்.

அப்போது எங்கள் முதுகுக்குப் பின்னால் ஹிசாயோவின் குரல் வந்தது.

"ஏங்க, பக்கத்து ஊர் சகாய்ல ஒரு வீடு பாத்திருக்கேன்."

ஷிகெருவின் தாடை நின்றது.

"ஒரே ஒரு ரூம். ஏப்ரல்ல போறேன். தனியா." கத்தியைத் துடைக்கும் சத்தம். "விவாகரத்து இல்ல. வேற ஆளும் இல்ல. கண்ணை உருட்டாதீங்க, முதுகைப் பாத்தாலே தெரியுது. காலையில பதினோரு மணிக்குக் கடைக்கு வந்துடுவேன், ராத்திரி ஒன்பதுக்குக் கிளம்பிடுவேன். வீட்ல மட்டும் இருக்க மாட்டேன். நான் பாத்ரூம்ல உக்காந்திருந்தாக்கூட கதவுக்கு அந்தப் பக்கம் நின்னு பேசுறீங்க. தூக்கத்துல பேசுறீங்க. அதுக்கு 'ம்' கொட்டலைன்னா எழுப்பி விடுறீங்க. இதை நாலு தடவை சொல்ல வந்தேன். போன வாரம் 'நான் வீடு'ன்னு ஆரம்பிச்சேன். நம்ம கூரை ஒழுகுறதைப் பத்தி ஒன்றரை மணி நேரம் பேசுனீங்க."

யாரும் திரும்பவில்லை. திரும்பினால் திசை போய்விடும். நிஷிவாகியின் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. எனக்கு வசாபி மூக்கில் ஏறிக் கண்ணில் நீர் வந்தது. வசாபி மட்டும்தானா என்று சொல்லத் தெரியவில்லை. நான் என்ன வேண்டிக்கொள்ள வந்தேன் என்பதே மறந்துவிட்டது.

கழிவறைக் கதவு திறந்தது. பெல்ட்டைப் பிடித்தபடி ஓகிதா வெளியே வந்தார். வாயில் சுருளோடு ஐந்து பேர் தன்னையே பார்த்து நிற்பதைக் கண்டார்.

"என்னய்யா இது? இந்த மரியாதை என் கல்யாணத்துலகூட கிடைக்கலையே."

நிஷிவாகி வாயிலிருந்த சோறு கதவுவரை பறந்தது. அவனுடைய வருடம் அத்தோடு முடிந்தது.

ஷிகெரு சிரிக்கவில்லை. எட்டுக் கடியில் முடிக்கிற மனிதர், எலி கொறிப்பதுபோலத் தின்றுகொண்டிருந்தார். கடல்பாசி நமுத்துப்போய் விரலில் தொங்கியது. நாங்கள் ஒவ்வொருவராகத் தின்று முடித்தோம்.  கடைசியில் அவரும் விழுங்கினார். ஹிசாயோ கத்தியைத் தள்ளி வைத்துவிட்டு, மரப்பலகை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். 

ஷிகெரு வாயைத் திறந்தார். மூடினார். பலகையில் மிச்சமிருந்த இன்னொரு சுருளை எடுத்துக்கொண்டு மறுபடி கழிவறையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"அது என்னோடது," என்றார் ஓகிதா.

ஹிசாயோ மேடையைச் சுற்றி வந்து, அவர் கடிக்கும் முன் அதைப் பிடுங்கினார். "ஒருத்தருக்கு ஒண்ணுதான். பேசுங்க."

"பேசுனா நீ போயிடுவ."

"பேசாட்டியும் போவேன்."

ஷிகெரு யோசித்தார். அவர் யோசித்து நான் பார்த்ததில்லை. "அப்ப பேசலாமா?"

"கடையில பேசுங்க. யாரு வேணாம்னா?"

"எத்தனாவது மாடி?"

"மூணாவது."

"லிஃப்ட் இருக்கா?"

"இல்ல."

"உன் முட்டி வலிக்கு மூணு மாடி..."

"ஏறிக்குவேன். முட்டி போனது உங்களுக்கு, எனக்கில்ல."

"சாமானெல்லாம் எதுல?"

"நிஷிவாகி தம்பி வண்டியில. கேட்டுட்டேன்."

எல்லோரும் நிஷிவாகியைப் பார்த்தோம். அவன் குனிந்து தரையில் கிடந்த சோற்றைப் பொறுக்க ஆரம்பித்தான்.

"டேய், உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"போன மாசமே தெரியும். சொல்ல விட்டீங்களா நீங்க?"

ஷிகெரு நீளமாக மூச்சு விட்டார். "அவன் வண்டிக்குப் பின்கதவு சரியா சாத்தாது. அலமாரி ரோட்ல கிடக்கும். நான் ஓட்டுறேன்."

 குளிர்பெட்டி உறுமியது. ஹிசாயோ சுருளை ஓகிதாவின் கையில் கொடுத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போய்க் கத்தியை எடுத்துக்கொண்டார்.

"சரி, ஓட்டுங்க. ஆனா வழி முழுக்க ரேடியோ ஓடும்."

"ஓடட்டும்," என்றார் ஷிகெரு. "பாட்டு மட்டும் போடுற ஸ்டேஷனா பாத்து வை. நடுவுல நடுவுல ஒருத்தன் பேசிக்கிட்டே இருந்தா எனக்கு ஆகாது."