டாக்டரின் புருவம்

புகழ்பெற்ற அந்தத் துப்பறியும் நாவலில் கொலைகாரன் தோட்டக்காரன் என்பது படித்த அத்தனை பேருக்கும் தெரியும். அதனால் டைரக்டர் தன் டிவி தொடரில் பழியைத் தூக்கிக் குடும்ப டாக்டரின் தலையில் வைத்துவிட்டார். பங்களா பத்தே நாள்தான் கிடைத்ததால் கடைசிக் காட்சியை முதலில் எடுத்தார்கள். அன்று உள்ளே இருந்தவர்கள் நாலே பேர்: டைரக்டர், கேமராமேன், டாக்டராக நடிப்பவர், மேக்கப் அக்கா.

ஏழாவது வாரம் வந்த கடிதங்களில் பத்துக்கு ஒன்பது, டாக்டர்தான் கொலைகாரன் என்றன. டைரக்டர் மூவரையும் கூப்பிட்டு, ரகசியத்தை உளறியவருக்கு இன்றோடு வேலை இல்லை என்றார். மற்ற இருவரும் அக்காவைப் பார்த்தார்கள். யூனிட்டின் வம்பெல்லாம் மேக்கப் அறையில்தானே பிறக்கிறது.

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. “நான் சொல்லலைங்கிற கோவத்துல எங்க வீட்டுக்காரர் ஒரு மாசமா எங்கூடப் பேசறதில்ல சார்” என்றாள்.

நாளுக்கு நாள் முகம் மாறாமல் இருப்பதற்காக எடுத்து வைத்திருந்த படங்களை டைரக்டர் மேசையில் வரிசையாகப் பரப்பினார். முதல் வாரத்து டாக்டர் பரம சாது. மூன்றாம் வாரம் புருவம் சற்றே தடித்திருந்தது. ஏழாம் வாரம் அது மேலே வளைந்து, பார்த்தாலே குலை நடுங்கியது. அக்கா முந்தின நாள் படத்தை மட்டும் பார்த்து வரைகிறவள். தினம் ஒரு நூல் ஏறியது அவளுக்கே தெரியவில்லை.

“வாயை அடக்கினீங்க, பென்சிலை விட்டுட்டீங்களே” என்றார் கேமராமேன்.

டாக்டராக நடிப்பவரின் முகம்தான் தொங்கிப்போனது. “ஜனங்க பயந்தது என் நடிப்பைப் பார்த்துன்னு நெனச்சிட்டிருந்தேன்.”

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “இன்னும் ஆறு வாரம் இருக்கு சார். இவருக்குத் தினம் ஒரு நூல் குறைக்கிறேன். அதைச் செத்தவரோட தங்கச்சியா நடிக்கிற பொண்ணுக்கு ஏத்திடறேன்.”

டைரக்டர் மேக்கப் பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினார்.

பத்தாவது வாரம் கடிதங்கள் ஒட்டுமொத்தமாகத் தங்கையைத் திட்டின. அக்காவுக்கு மூச்சு வந்தது. பாவம், அந்தப் பெண் வருத்தப்படுவாளே என்று நாற்காலியில் உட்கார்ந்தவளிடம் மெல்ல விசாரித்தாள்.

“வருத்தமா? எங்க மாமியார் ஒரு வாரமா எங்கிட்ட குரலை உசத்தறதே இல்லக்கா. இன்னும் கொஞ்சம் ஏத்தேன்.”

“ஒரு நூல்தான். அதுக்கு மேல கேக்காதே” என்று பென்சிலை எடுத்தாள் அக்கா.