தன் மொழியில் வாசிக்காதவர்கள்

1

நான் கதை எழுத உட்காரவில்லை. பல்கலைக்கழகத்தின் சமூக வானொலிக்கு விழா மலர் போடுகிறோம், நிலையத்தின் வரலாற்றைக் கட்டுரையாக எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். தலையை ஆட்டிவிட்டு வந்தேன். முதல் வாக்கியம் இப்படி வந்தது:

வளாகத்தின் இருமொழி மக்களுக்கும் பாலமாக விளங்கும் நோக்கத்துடன் —

அடித்துவிட்டேன். பாலம் என்ற சொல்லைப் பார்த்தாலே எனக்குக் கொட்டாவி வரும். அடுத்தது:

வேதியியல் துறையின் பழைய சாமான் அறையில், சுவரெங்கும் முட்டை அட்டைகளை ஒட்டி —

இது உண்மைதான். எதிரொலி வராமல் இருக்க அப்படித்தான் ஒட்டினார்கள். ஆனால் இப்படித் தொடங்கினால் பக்கம் முழுக்க முட்டை அட்டையைப் பற்றியே எழுதித் தள்ளிவிடுவேன். என் புத்தி எனக்குத் தெரியும். ஆகவே நேராக விதிக்கு வருகிறேன்.

2

தொடங்கிய காலத்தில் எந்த மொழி முதலில் என்று பெரிய சண்டை. தமிழ் முதலில் வந்தால் மற்ற மொழிக்காரர்கள்* முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். அவர்கள் மொழி முதலில் வந்தால் நம்மவர்கள். யாருடைய உச்சரிப்பு சுத்தம் என்ற தகராறு வேறு. வெறுத்துப்போன யாரோ ஒருவர் (அவர் யார் என்று தேடி அலுத்துவிட்டேன்) ஒரு விதி போட்டார்: இங்கே யாரும் தன் மொழியில் செய்தி வாசிக்கக் கூடாது. தமிழ்ச் செய்தியை மற்ற மொழிக்காரர் வாசிக்க வேண்டும், மற்ற மொழிச் செய்தியைத் தமிழர் வாசிக்க வேண்டும். பீற்றிக்கொள்ள யாருக்கும் வழியில்லை. சண்டை அன்றோடு அடங்கியது.

அந்த மனிதருக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டேன். இன்றுவரை அதை நான் திரும்பப் பெறவில்லை.

* எந்த மொழி என்று கேட்காதீர்கள். பேருந்துக்காக உங்கள் பக்கத்தில் நிற்பவர் பேசுகிறாரே, அந்த மொழி.

3

நூலகத்தில் புத்தகம் கொடுத்து வாங்கும் மேசையில் இருப்பவள்தான் கதாநாயகி. வளாகமே அவளை நூலகத்தக்கா என்று கூப்பிடும். (மரியாதையாக ‘அவர்’ என்று எழுதிப் பார்த்தேன், விறைத்துக்கொண்டு நின்றாள். ‘அவள்’ என்றே இருக்கட்டும்.) சாயங்காலம் மற்ற மொழிச் செய்தி அவளுடையது. தமிழ்ச் செய்தி வேதியியல் வாத்தியாருடையது. அவர் தமிழ் கற்றது அவளிடம், அவள் அந்த மொழியைக் கற்றது அவரிடம்.

அவள் கொடுத்தது, பிள்ளைகளிடம் பேசும் வீட்டுத் தமிழ். அதனால் துணைவேந்தரின் வெளிநாட்டுப் பயணச் செய்தியைக்கூட அவர், “பத்திரமா போய்ட்டு வரட்டும் கண்ணு” என்றுதான் முடிப்பார். அவர் கொடுத்தது ஆய்வுக்கூடப் பேச்சு. அதனால் கால்பந்துப் போட்டியின் முடிவை அவள், குடுவையில் நிறம் மாறிய தகவல் மாதிரி நிதானமாக அறிவிப்பாள்.

வாசித்து முடிப்பதற்குள் தொலைபேசி அடிக்கும். திருத்தம் சொல்லத்தான். செய்தியில் கண்ணு வரக் கூடாது சார் என்பார்கள். அது கிடக்கட்டும், எங்கள் தெருவில் விளக்கு எரியவில்லை, அதையும் சொல்லிவிடுங்கள் என்பார்கள். நிலையத்தின் பாதி நிகழ்ச்சிகள் இப்படி வந்து சேர்ந்தவை.

நூலகத்தக்காவின் நாத்தனார் அவளோடு பேச்சை நிறுத்தி வெகுகாலம் ஆயிற்று. ஆனால் வாத்தியாரின் தமிழைத் திருத்த மட்டும் தவறாமல் கூப்பிடுவாள். எடுப்பது இவள்.

“இந்தத் தமிழை அவருக்கு யாரு சொல்லிக் குடுத்தது?”

“நான்தான் அண்ணி.”

“அப்பவே நெனச்சேன்.”

அவ்வளவுதான் பேச்சு. அன்றைக்கெல்லாம் இவளுக்கு அதுவே போதும்.

(இவ்வளவு நல்லவளாக ஒருத்தி இருப்பாளா என்று எனக்கே சந்தேகம் வந்தது. விசாரித்தேன். வீட்டில் மூக்குக்கு மேல் கோபம் வருமாம். மற்ற மொழியில் திட்டுவதற்கு வாத்தியார் சொல்லித் தரவில்லையாம். அதனால் மைக் முன்னால் மட்டும் சாது.)

4

புதிய பதிவாளர் வந்தார். உரிமத்தைப் புதுப்பிக்க ஆய்வுக்குழு வரவிருந்தது. இந்தக் கூத்தைக் கேட்டால் நிலையத்தை மூடிவிட்டுத்தான் போவார்கள் என்று பயந்தார். (வில்லன் வேண்டுமே என்று அவருக்கு ஒரு மீசை வைத்துப் பார்த்தேன். பாவமாக இருந்தது, எடுத்துவிட்டேன். நிலையம் பிழைக்க வேண்டும் என்பதுதான் அவர் கவலையும்.) இனி அவரவர் தன் மொழியிலேயே வாசிக்க வேண்டும், மீறுபவர் மைக் பக்கமே வர வேண்டாம் என்று உத்தரவு போட்டார்.

அப்படியே வாசித்தார்கள். ஒரு பிசிறு இல்லை. தொலைபேசியும் அடிக்கவில்லை. மறுநாளும் இல்லை, அதற்கடுத்த நாளும் இல்லை. திருத்த ஒன்றுமில்லாத இடத்தில் ஊருக்கு என்ன வேலை? வீட்டில் அவள் கணவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“நல்லாத்தான் வாசிச்ச. ஆனா யாரோ வாசிக்கிற மாதிரி இருந்துச்சு.”

அவள் அவரோடு சண்டை போடவில்லை. குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அண்ணியிடம் வசவு வாங்கிக்கூட எத்தனை நாளாகிவிட்டது என்று நினைத்தாளாம்.

5

ஆய்வாளர்கள் மூன்று பேர் வந்து சுவரோரம் உட்கார்ந்தார்கள். மூத்தவர் கேட்டது ஒரே கேள்விதான்: ஊர் மக்கள் இதில் கலந்துகொள்கிறார்களா? இல்லையென்றால் இதற்கெதற்குச் சமூக வானொலி என்று பெயர்? பதிவாளர் கோப்பைப் புரட்டினார். அதற்குள் செய்தி நேரம். சிவப்பு விளக்கு எரிந்தது. அவள் முன்னால் தமிழ்த் தாள்.

முடிவு ஒன்று: அவள் பிழையில்லாமல் வாசிக்கிறாள், ஆய்வாளர்கள் பையை எடுத்துக்கொண்டு —

வேண்டாம். முடிவு இரண்டு: மைக்கிலேயே பதிவாளரை ஒரு பிடி பிடிக்கிறாள், எல்லோரும் கைதட்டி —

அதுவும் வேண்டாம். கைதட்டல் எனக்கு ஒத்துவராது. அவள் கோபமோ வீட்டோடு சரி.

மூன்றாவது அவளாகச் செய்தது, நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தன் தாளை வாத்தியார் பக்கம் தள்ளினாள். அவருடையதை இழுத்துக்கொண்டாள். இனி அந்த நாற்காலி தனக்கில்லை என்பது அவளுக்குத் தெரியும். எழுதுகிற எனக்கு அவளை நினைத்துப் பெருமை தாங்கவில்லை, சொல்லிவிடுகிறேன். வாத்தியார் பதிவாளரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“வணக்கம் கண்ணு. நம்ம நூலகத்தை நாலு நாளைக்கு மூடி வைப்பாங்க. ஈ மொய்க்கக் கூடாதுல்ல.”

6

முடிவைக் கொடுங்கள், மலர் அச்சுக்குப் போக வேண்டும் என்று விழாக்குழு அவசரப்படுத்துகிறது. விழா நடக்குமா என்பதே அந்த அறையில்தான் இருக்கிறது. என்னிடம் முடிவு இல்லை. ஆய்வாளர்கள் மூவரும் நிலையத்துத் தொலைபேசி அடிக்குமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பதிவாளரும் பார்க்கிறார். அவள் பார்க்கவில்லை, அவளுக்குத் தைரியம் இல்லை.

வாத்தியார் சொன்னது உங்கள் காதிலும் விழுந்தது. உங்களுக்குத் தமிழ் தெரியும். செய்தியை அப்படி வாசிக்கக் கூடாது என்றும் தெரியும். பிறகென்ன, சும்மா உட்கார்ந்திருக்கிறீர்கள்? கூப்பிடுங்கள்.