வெளியில் இருந்த தாழ்ப்பாள்

சாவிக்காரர் என்றால் அந்தத் தெருவில் பூட்டுகளே நடுங்கும். அவர் தும்மினால் எதிர்வீட்டு அலமாரி தானாகத் திறந்துகொள்ளும் என்று ஒரு பேச்சு. ஒன்றல்ல, மூன்று அலமாரிகள் என்று அடித்துச் சொல்பவர்களும் உண்டு.

அப்பேர்ப்பட்டவருக்கு ஐம்பத்தெட்டு வயதில் ஆட்டிசம் என்று டாக்டர் சொன்னார். பிறவியிலேயே உள்ளதுதானாம். "சின்ன வயசுல எப்படி இருந்தீங்க?" என்று அவர் கேட்டபோதுதான் சாவிக்காரர் முழித்தார். தேடிப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. கழுவிக் கவிழ்த்த பாத்திரம். மிச்சம் இருந்தது ஒரே ஒரு சத்தம்: 'டக்'. அதை நினைத்தாலே முதுகு வியர்த்தது. அது என்னவென்று தெரியாமல் இனி கண் மூட முடியாது என்று ஆகிவிட்டது.

பெற்றோர் வீட்டில் இப்போது அக்கா மட்டும்தான்.

"வாடா மகாராஜா! டாக்டர் புதுசா பேர் வச்சு அனுப்பிட்டாராமே?"

"சின்ன வயசுல நான் எப்படிக்கா இருந்தேன்?"

"தங்கம்டா நீ. வாயத் தொறந்தா முத்து உதிர்ந்துடும்னு தொறக்கவே மாட்ட!"

காலங்காலமாக இதே ஜோக். இதைத் தாண்டி அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

எந்தக் கதவைக் கண்டாலும் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பது சாவிக்காரரின் தொழில் வியாதி. ஸ்டோர் ரூம் கதவில் விரல் நின்றது. வெளிப்பக்கம், அவர் இடுப்புக்கும் கீழே, மக்குப் பசை அடைத்துப் பெயின்ட் பூசிய திருகு ஓட்டைகள். நிலைச்சட்டத்திலும் அதே. பெரியவர்கள் யாரும் தாழ்ப்பாளை இத்தனை தாழ்வாகப் போடமாட்டார்கள்.

"இத யாரு போட்டது?"

அக்காவின் சிரிப்பு அணைந்தது. "நான்தான். ஆளுங்க வந்தா சத்தம் தாங்காம ஊரே இடியிற மாதிரி கத்துவ. அப்பா பெல்ட்ட உருவுவாரு. உன்ன உள்ள விட்டு டக்குனு போட்டுட்டா ரெண்டு பேரும் அடங்கிடுவீங்க. ஒருநாள் மறந்துட்டு ஸ்கூலுக்குப் போயிட்டேன்டா. சாயங்காலம்தான் தொறந்தேன். அப்புறம் நீ கத்தவே இல்ல. அதனாலதான் உனக்கு இப்படி ஆச்சா?"

"இல்லக்கா. இது கூடவே பொறந்தது."

அவள் பெருமூச்சு விட்டாள்.

"அந்த நாள் ஞாபகம் வருதான்னு பாக்கணும். நான் உள்ள போறேன். நீ கதவச் சாத்து."

"கிறுக்கா உனக்கு?"

"அதான் டாக்டரே எழுதிக் குடுத்துட்டாரே! சாத்து."

கதவு மூடியது. துண்டு போட்டு விற்கலாம், அவ்வளவு கெட்டியான இருட்டு. அவர் குத்துக்காலிட்டு நெற்றியைக் கதவில் வைத்தார். நெடுநேரம் எதுவும் வரவில்லை.

பிறகு கதவின் அடியிலிருந்து மூச்சுச் சத்தம் வந்தது. மூக்கில் மெல்லிய விசிலோடு, அக்காவின் மூச்சு.

அது இன்றைய சத்தம் மட்டும் அல்ல. கத்திக் கத்தித் தொண்டை கிழிந்த பிறகும், நகம் பிய்ந்த பிறகும், இதே இடுக்கில் இதே விசில் கேட்டுக்கொண்டே இருந்தது. பகல் முழுக்க.

"அக்கா," என்றார்.

விசில் சட்டென்று நின்றது. அன்றும் கூப்பிடும்போதெல்லாம் இப்படித்தான் நின்றது.

"அன்னிக்கு நீ ஸ்கூலுக்குப் போகவே இல்ல."

அவர் எழுந்து கதவைத் தள்ளினார். அதில்தான் இப்போது தாழ்ப்பாளே கிடையாதே.

கதவு அசையவில்லை. வெளியே யாரோ முழு பாரத்தையும் போட்டுச் சாய்ந்திருந்தார்கள்.